யாருடைய சம்மதம்?

(நெய்வேலி நகரியத்தில் வாசகர்கள் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கடலூர்ப் பக்கத்துக்காரர்கள் 'குண்டு கிராமங்கள்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 1690-இல் கிழக்கிந்தியக் கம்பெனி, தேவனாம்பட்டினத்துக் கோட்டையைச் செஞ்சி மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. அதுதான் பிறகு புனித டேவிட் கோட்டை ஆயிற்று. கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும் என்பதற்கு அன்று சங்கிலி பிடித்து அளக்கவில்லை. பீரங்கியைச் சுட்டால் குண்டு எதுவரை போய் விழுகிறதோ அதுவரை கம்பெனிக்கு என்று பேச்சு. சுட்டார்கள், எல்லை கட்டினார்கள். அந்த எல்லைக்குள் அகப்பட்ட ஊர்கள் குண்டு கிராமங்கள். நேற்றுவரை மராட்டியருக்கு வரி கட்டியவன் இன்று கம்பெனியின் குடி. விற்றவர் அவனைக் கேட்கவில்லை, வாங்கியவரும் கேட்கவில்லை.

அதே 1690 என்ற ஆண்டைத் தலைப்புப் பக்கத்தில் அச்சிட்டுக்கொண்டு லண்டனில் ஒரு புத்தகம் வந்தது. உண்மையில் 1689 கடைசியிலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. எழுதியவர் பெயர் அதில் இல்லை. ஜான் லாக் எழுதிய 'அரசாங்கம் பற்றிய இரு ஆய்வுரைகள்' அது. மனிதர்கள் இயல்பிலேயே சுதந்திரமானவர்கள், ஒருவருக்கொருவர் சமமானவர்கள், தன் சம்மதம் இல்லாமல் எவரையும் இன்னொருவரின் அதிகாரத்துக்குக் கீழே கொண்டுவர முடியாது என்பது அதன் அடித்தளம்.

லண்டனில் தத்துவம், கடலூரில் பீரங்கி என்று சொல்லி இங்கேயே கைதட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடலாம். நான் சொல்ல வந்தது அதுவல்ல. மக்கள் சம்மதத்தோடுதான் ஆள வேண்டும் என்பதை இன்று மறுப்பவர் யாருமில்லை. யாருடைய சம்மதம் எண்ணிக்கையில் சேரும் என்பதுதான் இன்னும் தீராத வழக்கு. லாக்குக்கு முன்பே, 1647-இல், லண்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேவாலயத்துக்குள் அந்த வழக்கு நடந்தது. 2013-இல் நம் நாடாளுமன்றம் இயற்றிய ஒரு சட்டத்தின் உட்பிரிவுக்குள்ளும் அது சத்தமில்லாமல் நடந்து முடிந்திருக்கிறது. அதற்கு வருவதற்கு முன் நம் ஊரிலிருந்தே தொடங்குகிறேன்.

லாக் யாருக்குப் பதில் சொல்ல அந்தப் புத்தகத்தை எழுதினார்? ராபர்ட் ஃபில்மர் என்பவருக்கு. ஃபில்மர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 1680-இல், அவருடைய 'பேட்ரியார்க்கா' அச்சாயிற்று. அரசன் தகப்பன், குடிகள் பிள்ளைகள், பிள்ளைகளிடம் சம்மதம் கேட்டா தகப்பன் குடும்பம் நடத்துகிறான் என்பது அவர் வாதம். லாக் தந்த பதில் எளிமையானது. தகப்பனுடைய அதிகாரம் பிள்ளை வளர்கிற வரைக்கும்தான். அறிவு வந்த பிறகு பிள்ளையும் தகப்பனும் சமம். மரியாதை பாக்கி இருக்கலாம், ஆளும் உரிமை பாக்கி இல்லை.

இப்போது இந்த நகரியத்தைப் பாருங்கள். 1956 நவம்பரில் பழுப்பு நிலக்கரி எடுக்கும் பொதுத்துறை நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். காட்டுக்கும் வயலுக்கும் நடுவே வட்டம் வட்டமாக ஓர் ஊர் எழுந்தது. வீடு ஒதுக்குவது, தண்ணீர் விடுவது, தெரு கூட்டுவது, மருத்துவமனை, பள்ளிக்கூடம் எல்லாம் நிறுவனம். 2011 கணக்கெடுப்பில் இந்த நகரியத்தின் மக்கள்தொகை 1,05,731. இவ்வளவு பேர் சட்டமன்றத்துக்கு ஓட்டுப் போடுகிறோம், நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப் போடுகிறோம். தெருவிளக்கு எரியவில்லை என்று கேட்க ஒரு வார்டு கவுன்சிலர் நமக்குக் கிடையாது. பக்கத்தில் மந்தாரக்குப்பத்துக்காரர் கெங்கைகொண்டான் பேரூராட்சிக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கிறார். நாம் நகர நிர்வாக அலுவலகத்துக்கு மனு எழுதுகிறோம்.

நிறுவனம் செய்கிற வேலை பல நகராட்சிகளைவிட நன்றாகத்தானே இருக்கிறது என்று நீங்கள் சொல்லலாம். இந்தச் சாலைகளையும் மரங்களையும் பார்க்கிற வெளியூர்க்காரர் எவரும் அதை ஒத்துக்கொள்வார். ஆனால் ஃபில்மருடைய தகப்பனும் நல்ல தகப்பன்தான். லாக் தகப்பனுடைய நல்ல குணத்தைக் கேள்வி கேட்கவில்லை, பிள்ளையின் வயதைத்தான் கேட்டார். தொழில் நிறுவனமே நகராட்சி வேலையைச் செய்கிற ஊர்களில் நகராட்சி அமைக்காமல் விடலாம் என்று 1992-இன் 74-ஆவது திருத்தம் அரசியல் சட்டத்திலேயே வழி வைத்திருக்கிறது. ஜாம்ஷெட்பூரில் இதைப் பற்றிப் பல்லாண்டு வழக்கு நடந்தது. சட்டம் அனுமதிக்கிறது என்பது ஒன்று. அறுபது வயது தாண்டிய ஓர் ஊர் வளர்ந்த பிள்ளையா என்பது வேறொன்று.

இதற்கு லாக்கின் கையிலேயே ஒரு பதில் இருக்கிறது. அதைத்தான் 'மௌன சம்மதம்' என்கிறோம். ஒரு நாட்டின் நெடுஞ்சாலையில் நடந்து போனாலே, ஒரு வாரம் தங்கினாலே, அந்த நாட்டின் ஆட்சிக்கு மௌனமாகச் சம்மதம் தந்ததாக ஆகிவிடும் என்று அவர் எழுதினார். குவார்ட்டர்ஸ் சாவியை வாங்கியபோதே நகர நிர்வாகத்துக்குச் சம்மதம் சொல்லிவிட்டீர்கள், பிடிக்காவிட்டால் காலி செய்யலாம் என்று இதை இங்கே மொழிபெயர்த்துக்கொள்ளலாம்.

டேவிட் ஹியூம் 1748-இல் இந்த வாதத்தைப் பிடித்துக்கொண்டார். அன்றாடம் கூலி வாங்கிப் பிழைக்கிற, வேற்று மொழி தெரியாத ஓர் ஏழைக் குடியானவன், நாட்டை விட்டுப் போகாததாலேயே அரசனுக்குச் சம்மதம் தந்துவிட்டான் என்றால், தூங்குகிறவனைத் தூக்கிக் கப்பலில் போட்டுவிட்டு, நடுக்கடலில் அவன் குதிக்காமல் இருப்பதால் கப்பல் தலைவனுக்குச் சம்மதம் தந்தான் என்றும் சொல்லலாமே என்று கேட்டார். ஹியூம் அரசாங்கத்துக்கு எதிரி அல்ல. ஆட்சிகள் பெரும்பாலும் படையெடுப்பாலும் பழக்கத்தாலும் வந்தவை, அவற்றுக்குச் சம்மதம் என்று பொய்ப்பெயர் சூட்டாதீர்கள் என்பதே அவர் கட்சி.

ஹியூமுக்கு முன்பே இன்னொரு கப்பலைச் சொன்னவர் உண்டு. தாமஸ் ஹாப்ஸ். 1651-இல் வந்த 'லெவியதான்' நூலில் அவர் சொல்கிறார்: புயலில் கப்பல் மூழ்குமோ என்று பயந்து சரக்கைக் கடலில் எறிகிறவன் தன் விருப்பத்தோடுதான் எறிகிறான். எறியாமல் இருக்கவும் அவனால் முடியும். ஆகவே பயத்தில் செய்த ஒப்பந்தமும் ஒப்பந்தமே. உள்நாட்டுப் போரின் காலத்தில் வாழ்ந்த மனிதர் அவர். அமைதி தருகிற எந்த அதிகாரத்துக்கும் பயத்தால் தலையாட்டியது செல்லும் என்று வைத்தார். கடன் நெருக்கி, மகள் கல்யாணமும் நெருக்கி, 'இப்போது கொடுக்காவிட்டால் பிறகு இதுவும் கிடைக்காது' என்ற பேச்சைக் கேட்டு நில எடுப்புப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறவர் ஹாப்ஸின் கணக்கில் முழு மனத்தோடு சம்மதித்தவர். நம்மில் பலருக்கு அப்படிச் சொல்ல வாய் வராது.

இனி நிலத்துக்கு வருவோம். இந்த ஊரின் கதையே நிலத்தின் கதை. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் நீருக்காகக் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வந்தது, அவர் அதை விடாமல் அரசுக்கு எடுத்துச் சொன்னார், நிலமும் தந்தார் என்பது நாம் எல்லோரும் அறிந்தது. லாக் 'வெளிப்படையான சம்மதம்' என்று சொன்னதற்கு நல்ல எடுத்துக்காட்டு அது. ஆனால் அத்தனை பேரும் ஜம்புலிங்க முதலியார் அல்ல. சுரங்கத்துக்கும் நகரியத்துக்கும் இடம்விட்ட ஊர்கள் பல. வில்லுடையான்பட்டு முருகனுக்குப் பங்குனி உத்திரத்தில் காவடி எடுக்கிறவர்கள், அது ஒரு கோயிலின் பெயர் மட்டுமல்ல, ஓர் ஊரின் பெயர் என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

பொதுத் தேவைக்காக அரசு குடிமகனின் சொத்தை எடுக்கலாம் என்ற கொள்கைக்கு ஐரோப்பாவில் பெயர் சூட்டியவர் ஹ்யூகோ குரோஷியஸ், 1625-இல். எடுக்கலாம், ஆனால் ஈடு தர வேண்டும் என்றார். லாக் இன்னும் கடுமையாகப் பேசினார். இரண்டாம் ஆய்வுரையின் 138-ஆம் பத்தியில், உச்ச அதிகாரமேயானாலும் ஒரு மனிதனின் சொத்தில் எந்தப் பகுதியையும் அவனுடைய சம்மதம் இல்லாமல் எடுக்க முடியாது என்று அடித்துச் சொல்கிறார். விவசாயி கையில் பிடித்துக்கொள்ள வேண்டிய வாசகம். ஆனால் இரண்டு பத்தி தள்ளி, 140-இல், வரியைப் பற்றிப் பேசும்போது அந்த 'அவனுடைய சம்மதம்' என்பது பெரும்பான்மையின் சம்மதமாக, அல்லது அவர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளின் சம்மதமாக ஆகிவிடுகிறது. முன்பத்தியில் கொடுத்த பூட்டுக்குப் பின்பத்தியில் சாவி.

இந்த இரண்டு பத்திகளுக்கு நடுவில்தான் நம் நில எடுப்புச் சட்டங்கள் எல்லாம் குடியிருக்கின்றன. 1894 சட்டம் 138-ஐப் பார்க்கவே இல்லை. அரசு 'பொது நோக்கம்' என்று சொன்னால் போதும், ஆட்சேபம் கேட்பார்கள், பிறகு எடுப்பார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் அந்தச் சட்டம் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. 1978-இல் 44-ஆவது திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளின் பட்டியலிலிருந்து எடுத்து 300ஏ பிரிவில் வைத்தது. சட்டத்தின் வழியாக அல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்பது அதன் சாரம். சட்டம் செய்தவர்கள் நாம் தேர்ந்தெடுத்தவர்கள், ஆகவே நம் சம்மதம் கிடைத்தாயிற்று. அது 140-ஆம் பத்தி.

2013-இல் புதிய நில எடுப்புச் சட்டம் வந்து 2014 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில்தான் முதன்முறையாகச் 'சம்மதம்' எண்ணாக வந்தது. தனியார் நிறுவனத்துக்கு எடுத்தால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதத்தின் முன்சம்மதம் வேண்டும். அரசும் தனியாரும் சேர்ந்த திட்டத்துக்கு 70 சதவீதம். அரசுக்கோ பொதுத்துறை நிறுவனத்துக்கோ எடுத்தால் இந்த எண்ணிக்கை தேவையில்லை. அரசு என்பது நாமே, நம்மிடமிருந்து நாமே எடுப்பதற்கு எதற்குத் தனிச் சம்மதம் என்பதுதான் இதன் உள்ளுறை. தமிழ்நாடு இன்னும் ஒரு படி போனது. தொழில் நோக்கத்துக்கு நிலம் எடுக்கும் 1997 சட்டம் உள்ளிட்ட மூன்று மாநிலச் சட்டங்களைப் புதிய சட்டத்தின் பிடியிலிருந்து விலக்கியது. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவை செல்லாது என்றது. அதே மாதம் சட்டமன்றம் அவற்றுக்கு மறுபடி உயிர் கொடுத்தது. 2021-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது.

2023 ஜூலையில் வளையமாதேவியில் என்ன நடந்தது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட, நெற்பயிர் நின்ற வயலில் இயந்திரங்கள் இறங்கின. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே எடுக்கப்பட்டது, இழப்பீடும் தரப்பட்டது, மழைநீர் சுரங்கத்துக்குள் புகாமலிருக்கக் கால்வாய் வேண்டும் என்றது நிறுவனம். கொடுத்தது போதாது, வேலை வேண்டும், விளைந்ததை அறுக்கவாவது விட்டிருக்கலாமே என்றார்கள் மக்கள். போராட்டம் வந்தது, கைது வந்தது, வழக்கு வந்தது. இந்த வாதத்தில் நிறுவனத்துக்கு ஒரு நாற்காலி, பட்டாதாரருக்கு ஒரு நாற்காலி, அரசுக்கு ஒரு நாற்காலி. நாற்று நட்ட பெண்கள் எங்கே உட்கார்ந்தார்கள்?

அதைக் கேட்கத்தான் 1647-க்குப் போக வேண்டும். இங்கிலாந்தில் அரசனைத் தோற்கடித்த படையின் சிப்பாய்களும் தளபதிகளும் அக்டோபர் கடைசியில் பட்னி என்ற ஊரில், புனித மேரி தேவாலயத்தில் உட்கார்ந்து, இனி நாட்டை எப்படி ஆள்வது என்று விவாதித்தார்கள். கர்னல் தாமஸ் ரெயின்ஸ்பரோ எழுந்து, ஓர் ஆட்சிக்குக் கீழே வாழ வேண்டிய மிக ஏழையும் முதலில் தன் சம்மதத்தால் அதன்கீழ் வந்தவனாக இருக்க வேண்டும் என்றார். குரோம்வெல்லின் மருமகன் ஹென்றி ஐர்ட்டன் மறுத்தார். நாட்டில் நிலையான பிடிமானம், அதாவது நிலமோ நிரந்தர உரிமையோ, உள்ளவனுக்குத்தான் நாட்டின் முடிவில் குரல், இன்று இருந்து நாளை போகிறவனுக்கு எதற்கு என்றார். வில்லியம் கிளார்க் என்பவர் எழுதிவைத்த குறிப்புகள் இரண்டரை நூற்றாண்டு கிடப்பில் கிடந்து, 1891-இல்தான் அச்சேறின.

ஐர்ட்டனைக் கெட்டவராகப் பார்த்துவிட்டு நாம் தப்பிக்க முடியாது. நாம் பெருமையோடு சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், முதலாம் பராந்தகன் காலத்தவை, 919-ஐயும் 921-ஐயும் சேர்ந்தவை, என்ன சொல்கின்றன? குடவோலையில் பெயர் எழுத வேண்டுமானால் வரி செலுத்தும் நிலம் கால் வேலி வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள், வேதக் கல்வியும் வேண்டும். அது பிராமணர் சபை. உழுதவனின் ஓலை குடத்துக்குள் போகவே இல்லை. முறை நேர்த்தியானது, தணிக்கை கடுமையானது, அதையெல்லாம் மெச்சலாம். பட்னியில் ஐர்ட்டன் கேட்ட பிடிமானத்தை எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர்கள் கல்லில் வெட்டி வைத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இப்போது 2013 சட்டத்தைப் பிரியுங்கள். 'பாதிக்கப்படும் குடும்பம்' யார் என்று அதன் 3-ஆம் பிரிவு பட்டியல் போடுகிறது. நிலத்தை இழக்கும் குடும்பம் உண்டு. அதோடு நிற்காமல் விவசாயக் கூலிகள், குத்தகைதாரர், வாரத்துக்குப் பயிரிடுவோர், கைவினைஞர் எல்லோரையும் சேர்க்கிறது. மூன்று ஆண்டுகளாக அந்த இடத்தில் உழைத்து, அதுவே முக்கியப் பிழைப்பாக இருந்தால் அவர்களும் பாதிக்கப்பட்டவர்கள், மறுவாழ்வுக்கு உரியவர்கள். ரெயின்ஸ்பரோ படித்திருந்தால் மகிழ்ந்திருப்பார். ஆனால் 2-ஆம் பிரிவில் 80 சதவீதம், 70 சதவீதம் என்று சம்மதத்தை எண்ண வரும்போது, அந்தப் பட்டியலில் இரண்டே உட்பிரிவுகளைத்தான் சட்டம் பொறுக்கி எடுக்கிறது: நிலமோ வேறு அசையாச் சொத்தோ பறிபோகிறவர், அரசுத் திட்டத்தில் நிலம் ஒதுக்கப்பட்டவர். கூலிக்காரரும் குத்தகைக்காரரும் அந்த எண்ணிக்கையில் இல்லை. பாதிப்பில் இடம் உண்டு, சம்மதத்தில் இடம் இல்லை. ரெயின்ஸ்பரோவுக்கு நிவாரணத்தைக் கொடுத்துவிட்டு ஐர்ட்டனிடம் ஓட்டுப்பெட்டியைக் கொடுத்துவிட்டது நம் நாடாளுமன்றம். நான் இந்த மேடைக்கு வந்ததே இதைச் சொல்லத்தான்.

இந்தப் பிசகு எங்கிருந்து வந்தது? லாக்கின் 28-ஆம் பத்தியைப் பாருங்கள். உழைப்பைக் கலப்பதால் பொருள் சொத்தாகிறது என்று அழகாகச் சொல்லிக்கொண்டு போகிறவர், என் குதிரை மேய்ந்த புல், என் வேலையாள் வெட்டிய புல்கட்டி, நான் தோண்டிய கனிமம் எல்லாம் என் சொத்து என்கிறார். கனிமம் தோண்டுவதையே உதாரணம் காட்டியவர் என்பதால் நெய்வேலிக்கு அவர் அந்நியர் அல்லர். ஆனால் வேலையாள் வெட்டியது எப்படி எசமானின் சொத்தாயிற்று? உழைப்பு சொத்தைத் தருகிறது, கூலிக்கு உழைத்தால் அது கூலி கொடுத்தவருக்குத் தருகிறது. சம்மதத்தைச் சொத்தோடு கட்டிவைத்தால், உழைத்தும் சொத்தில்லாதவர் சம்மதக் கணக்கிலிருந்து தானாகவே விழுந்துவிடுவார்.

நம் சுரங்கத்திலும் இது நடக்கிறது. நிரந்தரத் தொழிலாளர்கள் ரகசிய வாக்கெடுப்பில் தங்களுக்காகப் பேச வேண்டிய சங்கத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இந்த ஊரில் சம்மதம் ஒழுங்காகக் கேட்கப்படும் இடங்களில் அது ஒன்று. அந்தக் குரலுக்குப் பலமும் இருந்தது. 2013-இல் மத்திய அரசு தன் பங்குகளில் ஒரு பகுதியைச் சந்தையில் விற்க முனைந்தபோது தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கடைசியில் 3.56 சதவீதப் பங்கைத் தமிழக அரசின் நிறுவனங்களே வாங்கின. அதே சுரங்கத்தில் இறங்கும் ஒப்பந்தத் தொழிலாளி அந்த வாக்காளர் பட்டியலில் இல்லை.

ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டிருந்தால் விளக்கு எரியுமா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நெய்வேலி மின்சாரம் தென்மாநிலங்களுக்கெல்லாம் போகிறது. ஒரே ஒருவர் மறுத்தால் எல்லாம் நிற்க வேண்டும் என்று லாக்கும் சொல்லவில்லை, ரெயின்ஸ்பரோவும் சொல்லவில்லை. கேட்கப்படுவோரின் வட்டத்தைப் பெரிதாக்குவது வேறு, ஒவ்வொருவருக்கும் தடுக்கும் அதிகாரம் தருவது வேறு.

கேட்டுப் பார்த்த இடம் நம் நாட்டிலேயே உண்டு. ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் சுரங்கம் வேண்டுமா என்று கிராம சபைகளே சொல்லட்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த ஆண்டிலேயே பன்னிரண்டு கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. கிராம சபையில் உட்கார்ந்தவர்களிடம் பட்டா இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை, அந்த ஊர்க்காரர் என்பதே தகுதி. நம் பக்கத்திலும் 2023-இல் சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே, வடசேரி, மைக்கேல்பட்டி என்று மூன்று இடங்கள் மத்திய அரசின் நிலக்கரி ஏலப் பட்டியலில் வந்தபோது எதிர்ப்பு எழுந்தது. 2020-இல் இயற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கையில் இருந்ததால் மாநில அரசால் உறுதியாகப் பேச முடிந்தது. ஏப்ரலிலேயே அந்த மூன்றும் பட்டியலிலிருந்து நீங்கின. இரண்டிலும் 'வேண்டாம்' என்பது வெறும் புலம்பலாக நிற்காமல் விளைவு உண்டாக்கும் சொல்லாக இருந்தது. சுற்றுச்சூழல் கருத்துக் கேட்புக் கூட்டங்களில் அந்த விளைவுதான் இல்லை. அங்கே கருத்துப் பதிவாகும், முடிவு வேறிடத்தில் எடுக்கப்படும்.

என் கோரிக்கைகள் மூன்று. சம்மதம் எண்ணும்போது 3-ஆம் பிரிவின் கூலிக்காரரையும் குத்தகைக்காரரையும் சேர்த்து எண்ண வேண்டும். எடுப்பவர் அரசு நிறுவனமே ஆனாலும் எண்ண வேண்டும், ஏனென்றால் வயலை இழப்பவருக்கு எடுத்தவர் யார் என்பதால் இழப்பு குறைவதில்லை. இந்த நகரியத்துக்கு, அதிகாரம் சிறிதானாலும், மக்கள் ஓட்டுப் போட்டு அமைக்கும் ஒரு மன்றம் வேண்டும்.

இளைஞர்களிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். பட்னி விவாதமும் லாக்கும் நூலகத்தில் கிடைக்கும், சட்டம் இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். நாளைக்கு இந்த ஊர்ப்பக்கம் ஒரு சுரங்கம் விரிகிறது என்று வைத்துக்கொண்டு, உங்கள் குடும்பம் அந்தப் பட்டியலில் எந்த உட்பிரிவில் வருகிறது என்று பாருங்கள். பிறகு உங்கள் வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க வருகிற அம்மா எந்த உட்பிரிவில் வருகிறார் என்று பாருங்கள். இரண்டும் வெவ்வேறு உட்பிரிவாக இருந்தால், அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் அதற்குக் காரணம் கேளுங்கள்.